அபூர்வ பெலார்கோனியத்துக்கு என்ன ஆச்சு? அறிகுறி பார்த்து சரி பண்றது, ஷோ டேபிள் வரைக்கும்

எங்க தோட்டக் குரூப்ல பெலார்கோனியம் (கடையில ஜெரேனியம்னு சொல்லி விக்கிற பூச்செடி) வளர்க்குறவங்க கொஞ்சம் பேர்தான், ஆனா வர்ற கேள்விகள்ல பாதி இந்த ஒரு செடியைப் பத்தித்தான் இருக்கும். சாதாரண சிவப்பு, ரோஸ் கலர் ஜெரேனியம் வச்சிருக்குறவங்க அவ்வளவா கேக்குறதில்ல, அது எதையும் தாங்கிக்கும். கிழங்கு வகை, தண்டு குண்டாகுற வகை, வாசனை இலை, மூணு கலர் இலை, கருப்பு மாதிரி பூக்குறதுன்னு தேடிப் பிடிச்சு வாங்குனவங்கதான் பதறிப்போய் போட்டோ அனுப்புவாங்க. அவங்க எல்லாருக்கும் ஒரே இடத்துல பதில் இருக்கட்டும்னு இதை எழுதுறேன்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். பெலார்கோனியத்துல மொத்தம் கிட்டத்தட்ட 280 இனம் இருக்கு, பெரும்பாலானது தென்னாப்பிரிக்கா பக்கத்துது, அதுலயும் நிறைய இனம் குளிர்காலத்துல மழை பெஞ்சு கோடையில காஞ்சு கிடக்குற மேற்கு கேப் பகுதியில இருந்து வந்தது. அதனால நம்ம கையில இருக்குற அபூர்வ செடி பலதும் கோடையில தூங்கும், குளிர்ல முழிச்சுக்கும். வாடியிருக்கேன்னு தண்ணி ஊத்துறதாலதான் நான் பார்த்த செடிகள்ல அதிகமா செத்திருக்கு, நோய் வந்து செத்தது அதைவிட கம்மி. அதனால எந்த அறிகுறியா இருந்தாலும் மருந்தையோ தண்ணியையோ கையில எடுக்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க: இது எந்த வகை, இப்போ வளர்ற நேரமா தூங்குற நேரமா, தண்டை விரலால அழுத்துனா கெட்டியா இருக்கா கொழகொழன்னு இருக்கா.

இலை எல்லாம் மஞ்சளாகி ஒண்ணு விடாம கொட்டுது

செடி ட்ரிஸ்டே, லொபேட்டம், எக்கினேட்டம், கார்னோசம் இந்த மாதிரி வகையா இருந்து, வெயில் ஏறுற காலமா இருந்தா சந்தோஷப்படுங்க, அது ஓய்வுக்குப் போகுது. தண்ணியை படிப்படியா குறைச்சு அப்புறம் நிறுத்திடுங்க, மழை படாத நிழல் இடத்துல தொட்டியை வைங்க. ட்ரிஸ்டே 17ஆம் நூற்றாண்டுலயே ஐரோப்பிய தோட்டங்களுக்குப் போன செடி, பகல்ல பார்த்தா மங்கலான மஞ்சள்ல பழுப்பு கலந்த பூ, பெருசா ஒண்ணும் இல்லன்னு தோணும், ராத்திரி ஆனா அந்த மணம் பக்கத்துல நிக்குறவங்களை நிறுத்திடும். எங்க குரூப்ல ஒருத்தங்க அதோட இலை எல்லாம் விழுந்ததும் செத்துடுச்சுன்னு நெனச்சு தொட்டியைக் கவுத்துட்டாங்க, உள்ள இருந்து பழுப்பு நிறத்துல சொரசொரன்னு மரப்பட்டை மாதிரி தோல் போட்ட கிழங்கு வந்துச்சு, கையில எடுத்தா கல்லு மாதிரி கனம், நகத்தால லேசா சுரண்டுனா உள்ள ஈரமா இருந்துச்சு. அதே மண்ணுல திரும்ப வச்சு விட்டோம், வெயில் தணிஞ்சு ராத்திரி குளிர ஆரம்பிச்சதும் கேரட் இலை மாதிரி துளிர் தானா வந்துச்சு. துளிர் கண்ணுல பட்டதுக்கு அப்புறம்தான் தண்ணி, அதுக்கு முன்னாடி ஒரு சொட்டும் வேண்டாம்.

இதுக்கு நேர் எதிர் சைடாய்ட்ஸ். வெள்ளி கலந்த சாம்பல் இலை, மெல்லிசான காம்புல கருஞ்சிவப்பா, நிழல்ல பார்த்தா கருப்பாவே தெரியுற குட்டிப் பூ, அது கோடை மழை பெய்யுற பகுதியில இருந்து வந்தது. இதையும் கிழங்கு வகைன்னு நெனச்சு கோடை முழுக்க காயப்போட்டா நிஜமாவே போயிடும், அளவா தண்ணி கொடுத்துக்கிட்டே இருக்கணும்.

ஒருவேளை செடி சாதாரண ஸோனல் வகையா (எல்லாரும் வச்சிருக்குற அந்த சிவப்பு, ரோஸ் ஜெரேனியம்) இருந்து அடி இலை மட்டும் ரெண்டு மூணு மஞ்சளானா அது வயசான இலை, கிள்ளிப் போடுங்க. அடி இலை ஓரம் கருகி நடுவுல துரு தெளிச்ச மாதிரி குட்டிக்குட்டி புள்ளியா இருந்தா மண்ணோட பிஎச் (புளிப்புத்தன்மை அளவு) பாருங்க, 5.5க்குக் கீழ போயிடுச்சுன்னா இரும்பும் மாங்கனீசும் அளவுக்கு மீறி உள்ள போய் இப்படிப் பண்ணும். 5.8ல இருந்து 6.5 வரைக்கும் இருக்குற மாதிரி கொஞ்சம் டோலமைட் சுண்ணாம்பு கலந்தா புது இலை சுத்தமா வரும்.

தண்டு அடியில கருப்பாகி மேல ஏறுது

இது பிளாக்லெக், பித்தியம்னு பூஞ்சை மாதிரி ஒரு கிருமி பண்ற வேலை. மண்ணை ஒட்டின இடத்துல இருந்து கருப்பு, பளபளன்னு ஈரமா, தொட்டா நசுங்கும். இதுக்கு மருந்து தேடி நேரத்தை வீணாக்காதீங்க, கருப்பு ஏறாத மேல் பகுதியில சுத்தமான பிளேடால வெட்டுங்க, வெட்டுன இடம் முழுக்க பச்சையா வெள்ளையா இருக்கணும், நடுவுல ஒரு பழுப்புப் புள்ளி தெரிஞ்சாலும் இன்னும் மேல வெட்டுங்க, அதை கட்டிங்கா போட்டு செடியைக் காப்பாத்துங்க. மிச்சம், மண்ணு எல்லாம் குப்பைக்கு, தொட்டியை ப்ளீச் தண்ணியில கழுவாம திரும்ப எடுக்காதீங்க.

கட்டிங்கே அழுகுதுன்னு சொல்றவங்களுக்கும் இங்கயே சொல்லிடறேன். பெலார்கோனியம் கட்டிங்குக்கு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீங்க, மத்த செடிக்கு நல்லது இதுக்கு கெடுதல், வெட்டுன முனையை நிழல்ல சில மணி நேரம் காய விட்டு அப்புறம் நடுங்க. கணுவுல காகிதம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குற சின்ன செதில் இலை இருக்கும் பாருங்க, அதை மறக்காம உரிச்சு எடுத்துடுங்க, பல நேரம் அழுகல் ஆரம்பிக்கிறதே அங்கதான். மண்ணு மேல குட்டிக் கொசு மாதிரி பறந்தா அதோட புழு வேரையும் கட்டிங் அடியையும் தின்னும், மேல் மண்ணை காய விட்டாலே பாதி குறையும்.

இலைக்கு அடியில பொரிப்பொரியா இருக்கு

இதுலதான் எல்லாரும் குழம்புறாங்க, ஏன்னா ரெண்டு வேற வேற விஷயம் தூரத்துல இருந்து ஒரே மாதிரி தெரியும். இலையைத் திருப்பி வெளிச்சத்துல பிடிங்க, முடிஞ்சா பத்து மடங்கு லென்ஸ் வச்சுப் பாருங்க.

பொரி தனித்தனியா, முதல்ல தண்ணிக் கொப்புளம் மாதிரி இருந்து அப்புறம் பழுப்பா கார்க் மாதிரி காஞ்சு போயிருக்கு, விரலால தேய்ச்சா எதுவும் ஒட்டல, செடி ஐவி இலை வகை அதாவது பெல்டேட்டம் வழி வந்ததுன்னா அது ஈடிமா. நோயே இல்ல. மண்ணு சூடா ஈரமா இருக்கு, காத்து மந்தமா ஈரப்பதமா இருக்கு, வேர் உறிஞ்சுற தண்ணியை இலையால வெளிய விட முடியல, உள்ள இருக்குற செல் வெடிச்சு அப்படி ஆகுது. மருந்து அடிச்சா ஒண்ணும் ஆகாது. காலையில மட்டும் தண்ணி ஊத்துங்க, தொட்டிக்குத் தொட்டி இடைவெளி விடுங்க, காத்து ஓடட்டும். வந்த தழும்பு போகாது, புது இலையில வரலன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம். ஷோவுக்கு (செடிப் போட்டிக் கண்காட்சிக்கு) போற செடின்னா தழும்பு இலையை ஒரே நாள்ல மொத்தமா பிச்சுடாதீங்க, வாரத்துக்கு ரெண்டு மூணுன்னு எடுங்க, அப்போதான் செடி மொட்டையா தெரியாது.

பொரி வட்டமா, ஒண்ணுக்குள்ள ஒண்ணு வளையம் வளையமா இருக்கு, மேல் பக்கம் அதே இடத்துல மஞ்சள் புள்ளி, வெள்ளை டிஷ்யூவால அடியில தேய்ச்சா காபித்தூள் மாதிரி பழுப்பு ஒட்டுதுன்னா அது துரு நோய். ஸோனல் வகைக்குத்தான் பெரும்பாலும் வரும், ரீகல் (பெரிய பூ பூக்குற வகை), ஐவி வகைக்கெல்லாம் அவ்வளவா வராது. முதல் தடவை இதை லென்ஸ்ல பார்த்தப்போ எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நடுவுல ஒரு குழி, சுத்தி வளையமா சின்னச்சின்ன கொப்புளம், ஒவ்வொண்ணும் வாய் பிளந்து உள்ள இருந்து இலவங்கப்பட்டை நிறத்துல பொடி கொட்டிக்கிட்டு இருந்துச்சு. பட்ட இலையை அந்த இடத்துலயே கவருக்குள்ள போட்டு கிள்ளுங்க, உதறாதீங்க, அந்தப் பொடிதான் காத்துலயும் தண்ணித் தெறிப்புலயும் அடுத்த செடிக்குப் போகும். இலை மேல ஈரம் சில மணி நேரம் நிக்கணும், அப்போதான் துரு முளைக்கும், அதனால மேல இருந்து தண்ணி ஊத்துறதை நிறுத்துனாலே பாதிப் போர் முடிஞ்சது.

இலை ஓரத்துல இருந்து முக்கோணமா மஞ்சள், வெயில்ல செடி சட்டுன்னு வாடுது

இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க. ஓரம் அகலமா, நரம்பு பக்கம் குறுகலா, பீட்சா துண்டு மாதிரி மஞ்சள் வந்து பழுப்பாகுது, தண்ணி இருந்தும் இலை குடை மடங்குன மாதிரி தொங்குது, தண்டை வெட்டிப் பார்த்தா உள்ள குழாய் பழுப்பா கருப்பா இருக்குன்னா அது சாந்தோமோனாஸ் பாக்டீரியா. இதுக்கு குணப்படுத்துற மருந்து கிடையாது. எவ்வளவு அபூர்வமான செடியா இருந்தாலும் கவர்ல கட்டி வெளிய போட்டுடணும், அதுல இருந்து கட்டிங் எடுக்கவே கூடாது, கட்டிங் வழியாவும் கத்தி வழியாவும்தான் இது பரவுறதே. ஐவி வகையில அறிகுறி தெளிவா தெரியாமலே உள்ள இருக்கலாம், அதனால ஐவி தொட்டியை ஸோனலுக்கு மேல தொங்க விடாதீங்க, தண்ணி சொட்டி இறங்கும். குரூப்ல கட்டிங் மாத்திக்கிற நாள்ல ஒவ்வொரு செடிக்கும் பிளேடை ஸ்பிரிட்ல துடைக்கணும்னு நாங்க கண்டிப்பா வச்சிருக்கோம், சலிப்பா இருந்தாலும் பண்ணுங்க.

மண்ணு ஒட்டுன இடத்துல காலிஃபிளவர் மாதிரி கொத்தா, வெளிர் நிறத்துல குட்டிக்குட்டி துளிர் கட்டிக்கிட்டு இருந்தாலும் இதே முடிவுதான். நிறைய துளிர் வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டு அதைப் பிரிச்சு நடுறாங்க, அது லீஃபி கால், அதுவும் பாக்டீரியாதான், அதுவும் கட்டிங்ல பரவும்.

இலை நல்லா செழிப்பா இருக்கு, பூவே இல்ல

ரீகல் வகையான்னு பாருங்க. அதுக்கு மொட்டு உருவாகணும்னா ராத்திரி வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழ சில வாரம் இருக்கணும், அது கிடைக்காத இடத்துல எவ்வளவு உரம் போட்டாலும் இலைதான் வரும். குளிர் இல்லாத இடத்துல இருக்குறவங்க ரீகலை விட்டுட்டு ஸோனல், ஸ்டெல்லர் (நட்சத்திரம் மாதிரி இலை, பூ இருக்குற வகை), வாசனை இலை வகைக்குப் போங்கன்னுதான் நான் சொல்லுவேன், ஒரு செடியை வருஷக்கணக்குல பூக்கலன்னு பார்த்துக்கிட்டு இருக்குறது மனசுக்கு கஷ்டம். ஸோனலுக்கு குளிர் வேண்டாம், வெளிச்சம் வேணும், அது பூக்கலன்னா நிழல் இல்லன்னா நைட்ரஜன் அதிகம். தக்காளிக்குப் போடுற மாதிரி பொட்டாஷ் கூடின உரத்துக்கு மாத்துங்க. வாசனை வகைக்கு உரமே கம்மியாத்தான் போடணும், க்ரிஸ்பம் மாதிரி எலுமிச்சை வாசனை சுருட்டை இலையெல்லாம் உரம் கூடுனா நீட்டி, இலை பெருசாகி, அந்த இறுக்கமான சுருள் அழகே போயிடும். டொமென்டோசம் மட்டும் வேற ஆளு, பெப்பர்மின்ட் மணம், வெல்வெட் துணி மாதிரி பெரிய இலை, கடும் வெயில்ல வச்சா ஓரம் கருகிடும், பாதி நிழல்தான் அதுக்கு வேணும்.

மொட்டு வந்துச்சு, ஆனா விரியாம ஓட்டையா இருக்குன்னா உள்ள புழு இருக்கு, சாயங்காலம் டார்ச் வச்சு மொட்டு ஒவ்வொண்ணா பாருங்க. இதழ்ல வெள்ளைக் கோடு கோடா இருந்தா த்ரிப்ஸ்ங்கிற குட்டிப் பூச்சி, ஒரு பூவை வெள்ளைத் தாள் மேல தட்டுனா நூல் துண்டு மாதிரி ஓடும். ரோஸ்பட் வகையில (ரோஜா மொட்டு மாதிரி பூக்குறது) மொட்டு உள்ளயே பழுப்பாகி அழுகுதுன்னா மழைத்தண்ணி உள்ள நின்னிருக்கு, அதுக்கு கூரை ஒண்ணுதான் வழி.

கலர் இலைச் செடியில ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையா வருது

உடனே அந்தக் கிளையை அடியோட எடுத்துடுங்க, பச்சைக்கிளை வேகமா வளர்ந்து மத்ததை அமுக்கிடும். ஹேப்பி தாட், மிஸஸ் ஹென்றி காக்ஸ் இதெல்லாம் இப்படி அப்பப்போ திரும்பும். முழு வெள்ளையா வர்ற கிளையும் இருக்கும், ஃப்ரீக் ஆஃப் நேச்சர்ங்கிற வகையில தண்டே வெள்ளையா இருக்கும், பார்க்க அவ்வளவு அழகு, ஆனா பச்சை துளிகூட இல்லாத துளிரை வெட்டி நட்டா அதால தனியா பிழைக்க முடியாது. இலை ஓரத்துல கொஞ்சமாவது பச்சை இருக்குற கிளையா பார்த்து கட்டிங் எடுங்க.

ஷோவுக்கு முன்னாடி: ஒரு பக்கமா சாயுது, உயரமா போயிடுச்சு, பூ முன்னாடியே முடிஞ்சிடுச்சு

ஒரு பக்கமா சாயுறதுக்கு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை தொட்டியை கால் வட்டம் திருப்புறது போதும். மினியேச்சர்னா (ரொம்பக் குட்டி வகை) தொட்டி 9 செ.மீ., விளிம்புக்கு மேல இலை உயரம் 12.5 செ.மீ., டிவார்ஃப்னா (அதைவிட கொஞ்சம் பெரிய குட்டை வகை) தொட்டி 11.5, உயரம் 20ன்னு பரவலா ஒரு அளவு இருக்கு, ஆனா உங்க ஷோவோட ஷெட்யூல்ல (போட்டிப் பிரிவும் விதியும் இருக்குற பட்டியல்) என்ன போட்டிருக்கோ அதுதான் சட்டம், ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, கண்ணால பார்த்து முடிவு பண்ணாதீங்க. நுனியைக் கிள்ளி விடுறது, மொட்டு எடுக்குறது ரெண்டையும் காலண்டர்ல எழுதி வைங்க. நான் ஸோனலுக்கு கடைசி கிள்ளு ஷோவுக்கு மூணு மாசம் முன்னாடி பண்ணிடுவேன், அதுக்கப்புறம் வர்ற மொட்டை எல்லாம் எட்டு வாரம் முன்னாடி வரைக்கும் எடுத்துக்கிட்டே இருப்பேன், அப்போதான் மிச்ச மொட்டு எல்லாம் சேர்ந்து விரியும். முதல் தடவை மொட்டை எடுக்குறப்போ கை நடுங்கும், பரவாயில்ல எடுங்க.

ஷோ அன்னைக்கு காலையில இதழ் எல்லாம் கொட்டிடுச்சு

போன ஷோவுக்கு எங்க குரூப்ல ஒருத்தங்க ஒத்தை இதழ் (இதழ் ஒரே அடுக்கா இருக்குற) ஸோனல் ஒண்ணு கொண்டு வந்தாங்க, முந்தின நாள் சாயங்காலம் நான் நேர்ல பார்த்தேன், ஏழு பூங்கொத்து, ஒண்ணுல கூட குறை இல்ல. வண்டியோட பின் சீட்ல, கண்ணாடி எல்லாம் மூடி, பழுத்த வாழைப்பழப் பையோட சேர்ந்து வந்துச்சு. ஹால்ல இறக்கி டேபிள்ல வச்சதும் லேசா ஒரு தட்டு, மழை மாதிரி சிவப்பு இதழ் முழுக்க தொட்டியைச் சுத்தி கொட்டிடுச்சு, காம்பு மட்டும் நின்னுச்சு. பழம் பழுக்குறப்போ வர்ற எத்திலீன் வாயுவுக்கு பெலார்கோனியம் ரொம்ப சீக்கிரம் கொட்டிடும், வண்டிப் புகையிலயும் அதே வாயு இருக்கு. பழத்தோட வைக்காதீங்க, எஞ்சின் ஓடுற வண்டிக்குப் பின்னாடி செடியை நிறுத்தாதீங்க, வாடுன பூ, அழுகுன இலை எதையும் பெட்டிக்குள்ள விடாதீங்க. தேனீ வந்து மகரந்தம் சேர்த்துட்டாலும் ஒத்தை இதழ் பூ சில மணி நேரத்துலயே உதிரும், அதனால கடைசி சில நாள் வலைக்குள்ள வைங்க. அடுக்கு இதழ் வகை இதைவிட நல்லா தாங்கும், தூரமா போறவங்க அதையே எடுத்துட்டுப் போறது நல்லது.

டேபிள்ல வச்சதுக்கு அப்புறம் ட்வீசரால கொத்துக்குள்ள இருக்குற வாடுன பூவை மட்டும் காம்போட எடுங்க, மென்மையான பிரஷ்ல இலை தூசியைத் துடைங்க, தொட்டி வெளிப்பக்கம் உப்பு படிஞ்சிருந்தா ஈரத்துணியால தேய்ங்க. குச்சி கட்டியிருந்தா வெளிய தெரியக்கூடாது.

செடி அருமையா இருக்கு, ஆனா ஜட்ஜ் கார்டுல என்ஏஎஸ்னு எழுதிட்டாங்க

நாட் அக்கார்டிங் டு ஷெட்யூல், அதாவது ஷெட்யூல்படி இல்லன்னு அர்த்தம். அபூர்வ வகையில இது அடிக்கடி நடக்கும், ஏன்னா பேர்தான் பிரச்சனை. ஆர்டென்ஸ் பார்க்க காட்டுச்செடி மாதிரியே இருக்கும், கருஞ்சிவப்புல நெருப்பு மாதிரி பூ, ஆனா அது ஃபுல்ஜிடமும் லொபேட்டமும் சேர்ந்த ஹைப்ரிட், இயற்கை இனங்களுக்கான பிரிவுல வச்சா தள்ளிடுவாங்க. எங்க ஹால்லயே அப்படி ஒண்ணு போச்சு, அந்த டேபிள்ல அதைவிட நல்லா வளர்ந்த செடி வேற இல்ல, பார்க்கவே வருத்தமா இருந்துச்சு. அதே மாதிரி ரெனிஃபார்மேக்கு சைடாய்ட்ஸ்னு லேபிள் போட்டு விக்கிறது ரொம்ப சகஜம், இலை ஒரே மாதிரிதான் இருக்கும், பூ வந்தா தெரிஞ்சிடும், ரெனிஃபார்மேல ரோஸ் கலர், சைடாய்ட்ஸ்ல கருஞ்சிவப்பு. பூவைப் பார்க்காம லேபிள் எழுதாதீங்க, சந்தேகம் இருந்தா ஷோ செக்ரட்டரி கிட்ட செடி வைக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க, அப்போ கேட்டா பிரிவை மாத்தி வைக்க நேரம் இருக்கும்.

ஷோல இருந்து வந்து ரெண்டு வாரத்துல வெள்ளை ஈ

பக்கத்துச் செடியில இருந்து ஏறி வந்திருக்கும், ரீகலும் வாசனை இலையும் வெள்ளை ஈக்கு ரொம்பப் பிடிச்ச இடம். தொட்டியைத் தட்டுனா வெள்ளையா பறக்குறது வளர்ந்த ஈ, உண்மையான கூட்டம் இலைக்கு அடியில அசையாம ஒட்டிக்கிட்டு இருக்குற குட்டிச் செதில்தான், அதனால சோப்புத் தண்ணியை அடிப்பக்கம் படுற மாதிரி அடிக்கணும், அஞ்சாறு நாள் இடைவெளியில மூணு நாலு தடவை. ஷோவுக்குப் போயிட்டு வந்த செடியை, பரிசு வாங்குனதா இருந்தாலும், நேரா பழைய இடத்துல வைக்காதீங்க, மூணு வாரம் தனியா வச்சு, தினமும் ரெண்டு இலையையாவது திருப்பிப் பார்த்துட்டு அப்புறம் மத்ததோட சேருங்க.